இரண்டு ஏணிகளுக்கான சுவர்

"எவ்வளவு வெயிட் சார் தாங்கணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்குப் பைப் அறுக்கப் போய்விட்டார் ஹார்டுவேர் கடை காதர் பாய். கண்ணாடி மேஜையின் மேல் மூன்று கொக்கிகள் கிடக்கின்றன. ஒன்று வெறும் இரும்புக் கம்பியை மடக்கியது, கறுப்புப் பெயிண்ட் அடித்தது, சட்டை மாட்டலாம், குடை மாட்டலாம். அடுத்தது வளைந்து மேலே எழும்பி நிற்கிறது, உள்பக்கம் சிவப்பு ரப்பர் உறை, பார்க்க அம்சமாக இருக்கிறது. மூன்றாவது தடித்த தகட்டில் பற்றவைத்தது, தகட்டின் நாலு மூலையிலும் போல்ட்டுக்கு ஓட்டை. ஹெவி டூட்டி சார், மோட்டார் சைக்கிளையே மாட்டலாம் என்று அதைப் பற்றி மட்டும் பாய் பெருமையாகச் சொன்னார். மோட்டார் சைக்கிளைச் சுவரில் மாட்டுகிறவன் எவன் என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார். நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்க்கிறேன். பழைய பழக்கம். ரிடையர் ஆகும்வரை திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரித்தவன் நான், ஒரு கவரை உள்ளங்கையில் வைத்தால் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பு போதுமா போதாதா என்று கை சொல்லிவிடும், தராசு அப்புறம்தான். அந்தக் கை இன்றைக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. எவ்வளவு வெயிட். என் அலுமினிய ஏணி மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதன் அளவை உள்ளங்கையில் பால்பாயிண்டால் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன், வியர்வையில் பாதி அழிந்துவிட்டது, நீளம் தெரிகிறது, கனம் தெரியவில்லை. இன்னொரு ஏணியை நான் அளக்கவே இல்லை. டேப்போடு அதன் பக்கத்தில் குனிந்தேன், குனிந்தவன் அப்படியே நிமிர்ந்து டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தமயந்தி காபி டம்ளரோடு கார் ஷெட் வாசலில் வந்து நின்றாள், அவ்வளவுதான் காரணம். எங்க கிளம்பிட்டீங்க என்றாள். ஏணியை மாட்ட ஹூக் வாங்கணும் என்றேன். எந்த ஏணியை என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தமயந்தி என் மனைவி. ஆவணியில் கல்யாணம், இப்போது ஐப்பசி. இந்த வயதில் என் மனைவி என்று சொல்லும்போது புதுச் செருப்பு போட்ட கால் மாதிரி நாக்கு கொஞ்சம் தயங்குகிறது, ஆனால் கடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவள் கணவனைப் பறிகொடுத்தவள், நான் சுபத்ராவைப் பறிகொடுத்தவன், ஓசூரில் இருக்கிற என் மகள்தான் யார் யாரையோ பிடித்துப் பேசி முடித்தாள். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு நான் தினம் இங்கேருந்து போன் பண்ணிக் கேக்க முடியாதுப்பா, கேக்கறதுக்கு வீட்லயே ஒரு ஆள் வேணும் என்றாள். ஒரு சின்ன டெம்போவில் தமயந்தியின் சாமான்கள் வந்து இறங்கின. தையல் மெஷின், கிரைண்டர், ஒரு பீரோ, பாத்திர மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய நீளமான மூங்கில் ஏணி, டெம்போவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் சிவப்புத் துணி. இதை எங்க சார் போடறது என்று டிரைவர் கேட்டான். கார் ஷெட்ல போடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம் என்றேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. காரைத் தள்ளி நிறுத்தியும் ஏணியின் தலை கேட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, ஸ்கூட்டியை எடுக்கும்போதெல்லாம் அவள் அதைத் தாண்டித்தான் போகிறாள், தாண்டும்போது சேலையைத் தூக்கிக்கொள்கிறாள், ஒரு நாள்கூட இதை எடுங்க என்று சொன்னதில்லை. ஏணி அவள் முதல் கணவர் குணசீலனுடையது. குணசீலன் உறையூரில் லைட் செட் வைத்திருந்தவர், கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, எங்கே சீரியல் பல்பு தொங்கினாலும் பாதி அவர் கட்டியதாக இருக்கும். மூங்கில் ஏணிதான் வைத்துக்கொள்வாராம், அலுமினியத்தில் கரண்ட் பாயும் என்று. அதனாலேயே அவர் இறந்ததைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஷாக் அடிச்சுதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். நான் டீ போட்டு எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ளங்க என்று ஒரே ஒரு தடவை தமயந்தி என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். என் பனியனைத்தான் மடித்தாள்.

ஏணியின் காலில் சிவப்புப் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கிறது. சு. குணசீலன், உறையூர். திருவிழாவில் நாலு செட்டுக்காரர்களின் ஏணியும் ஒரே மதிலில் சாத்தியிருக்கும், மாறிப்போகாமல் இருக்கப் பெயர் எழுதி வைப்பது வழக்கம், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி. ஆனால் எனக்கு அது பெயராகத் தெரியவில்லை. ஒரு பேரும் அதன் கீழே ஒரு ஊரும் இருந்தால் அது முகவரி, என் கண்ணுக்கு வேறு எப்படியும் படிக்கத் தெரியாது. சாயங்காலம் காரை உள்ளே விடும்போது ஹெட்லைட் நேராக அதன் மேல் விழுகிறது, படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் படித்துவிடுகிறேன். உறையூருக்குப் போக வேண்டிய ஒன்று கருமண்டபத்தில் என் ஷெட்டில் கிடக்கிறது. முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன், நினைத்த மாத்திரத்தில் எனக்கே அசிங்கமாக இருந்தது. போய்ச் சேர்ந்த மனிதர் மேல் என்ன பொறாமை. அவர் போட்ட விளக்கை எத்தனையோ தடவை நானே வாய் பிளந்து பார்த்திருப்பேன். பொறாமை இல்லை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு நிம்மதியாக இருந்தேன், ஒரு நாள் சமையலறையில் கடுகு தேடும்வரை. தமயந்தி வந்ததும் எல்லா டப்பாவிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருந்தாள், சுக்கு, கடுகு, கொள்ளு என்று. கையெழுத்து பார்த்தே ஊர் சொல்லுகிறவன் நான், லால்குடி பிள்ளையார் சுழி வேறு, மணப்பாறை பிள்ளையார் சுழி வேறு. கடுகின் கு அப்படியே ஏணியில் இருக்கிற கு. வால் கொஞ்சம் தூக்கலாக, எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற மாதிரி. அந்தப் பெயரை எழுதியது குணசீலன் இல்லை, தமயந்தி. பிரஷ்ஷைப் பிடித்து, மூங்கிலின் உருட்டில் பெயிண்ட் வழியாமல், கணுவைத் தாண்டித் தாண்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பாள். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள், பார்த்திருக்கிறேன். கடுகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன், தோசைக்கல் காய்ந்து புகைந்தது. பொறாமை அப்போதுதான் வந்தது. அவர் மேல் இல்லை. கடுகுக்கும் கொள்ளுக்கும்கூட அவள் கையால் பெயர் இருக்கிறது, என் பெயரை அவள் எங்கேயும் எழுதியதில்லை, எழுத வேண்டிய அவசியம் வரவில்லை, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து போட்டபோதுகூட அவரவர் பெயரைத்தான் அவரவர் எழுதினோம். அறுபது தாண்டிய ஆள் நினைக்கிற நினைப்பா இது என்று கடுகைத் தாளித்துவிட்டு வந்தேன்.

அவள் ஒன்று செய்தாள், அதை நினைத்தால்தான் இந்தக் கொக்கி விஷயம் எனக்கு இத்தனை கனமாகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஹாலில் மாட்டியிருந்த சுபத்ராவின் படத்தை நானே கழற்றிப் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். புதிதாக வருகிறவள், முதல் காலடி எடுத்து வைக்கும்போதே அந்தப் படம் கண்ணில் பட வேண்டாம், அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று. நல்ல எண்ணம்தான், கொஞ்சம் பயமும் உண்டு. படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்து இருந்தது, மேலே ஆணி மட்டும் தனியாக நின்றது. மூன்றாம் நாள் தமயந்தி துடைப்பத்தோடு நின்று அதையே பார்த்தாள். ஆணி இருக்கு, படம் எங்கங்க என்றாள். நான் பீரோவைக் காட்டினேன். எடுத்துக்கொண்டு வந்தாள், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள், நேரா இருக்கா பாருங்க என்றாள். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நேராத்தான் இருக்கு என்றேன். அதற்கப்புறம் ஒரு நாள் குளியலறையிலிருந்து சுபா, துண்டு என்று கத்திவிட்டேன். வாயிலிருந்து போனபிறகுதான் தெரிந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே உறைந்துபோய் நிற்கிறேன், கதவு லேசாகத் திறந்தது, வளையல் போட்ட கை துண்டை நீட்டியது. ராத்திரி சாப்பாடு போடும்போது ரசத்தைக் கலக்கிக்கொண்டே, நானும் ஒரு நாள் மாத்திக் கூப்பிட்டுடுவேன், நீங்களும் வந்துடுங்க என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், ரசம் அன்றைக்கு நன்றாக இருந்தது. இப்போது எனக்கு வாழ்க்கை நன்றாக இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. காலையில் இரண்டு டம்ளர் கழுவுகிற சத்தத்தில் எழுந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒற்றை டம்ளர் கழுவியவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்த மூன்று கொக்கிக்கு முன்னால் இப்படித் திண்டாடுகிறேன். அலுமினியத்துக்கு மட்டும் கொக்கி வாங்கிப் போனால், மூங்கில் தரையிலேயே கிடக்கும், இந்த வீட்டில் அவர் இடம் அதுதான் என்று நான் சொன்னதாக ஆகிவிடும், வாயால் சொல்லாமலே. இரண்டுக்கும் வாங்கிப் போனால், ஒருவேளை அவளே மறக்கப் பார்க்கிறதை நான் தூக்கிக் கண்ணுக்கு நேரே மாட்டிவைத்த மாதிரி ஆகுமோ. கேட்டுவிட்டால் தீர்ந்தது. எப்படிக் கேட்பது. உன் பழைய வீட்டுக்காரர் ஏணியை என்ன செய்யலாம் என்றா.

ஒரு மாதிரி கேட்டும் பார்த்தேன். போன வாரம் பெய்த மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறி, மூங்கிலின் அடிக்கால் நனைந்து, பக்கத்தில் கரையான் மண் கோடு போட ஆரம்பித்துவிட்டது. தமயந்தி, ஏணியில கரையான் ஏறுது என்றேன். ஏறினா ஏறட்டும், பழைய மூங்கில்தானே, யாராவது கேட்டா குடுத்துடலாம் என்றாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லை, உப்பு வாங்கிட்டு வாங்க என்று சொல்கிற அதே குரல். அப்பாடா என்று இருந்தது எனக்கு, அந்த அப்பாடா ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மறுநாள் காலையில் ஷெட்டில் மண்ணெண்ணெய் வாசம். அடிக்காலைப் பழந்துணியால் துடைத்து, கீழே இரண்டு செங்கல் வைத்து ஏணியைத் தரையிலிருந்து தூக்கி வைத்திருந்தாள். தனியாக எப்படித் தூக்கினாளோ. அதோடு போயிற்றா. அடுத்த தெரு கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் போட வந்த ஒருவர் எங்கள் கேட்டுப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். இது குணா அண்ணன் ஏணிதானே, மத்த சாமானெல்லாம் நான்தான் சார் எடுத்தேன், ஏணிய மட்டும் அக்கா தரமாட்டேன்னுட்டாங்க என்றார். என்னிடம் தமயந்தி சொன்னது, யாரும் வாங்கிக்கலங்க, அதான் கொண்டாந்துட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் அன்றையிலிருந்து. பொய் சொன்னாள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. வந்த இடத்தில் சங்கடம் வேண்டாம் என்று அவள் ஒளித்துவைத்தாள், நான் படத்தை ஒளித்துவைத்தது மாதிரி. என்னுடையதைக் கண்டுபிடித்து எடுத்து மாட்டுவதற்கு அவள் இருந்தாள்.

சுவர் தாங்குமா. இது வேறு. செங்கல் சுவர்தான், ஆனால் பூச்சு தட்டினால் சில இடத்தில் தொளதொளவென்று கேட்கிறது, போல்ட் பிடிக்காமல் ஒரு நாள் ராத்திரி தடால் என்று விழுந்தால். ராத்திரி விழுந்தால் கார் மேல், போகிறது. காலையில் அவள் ஸ்கூட்டி எடுக்கும்போது விழுந்தால். மூங்கிலுக்கு எடை கிடையாது, நீளம்தான், ஒரு பக்கம் நழுவினால் மறுபக்கம் வீசிவிடும். நினைப்பிலேயே என் தோள் குறுகுகிறது, ரப்பர் உறை போட்ட கொக்கியைப் பார்க்கிறேன், அம்சமாகத்தான் இருக்கிறது, வாய் சின்னது, மூங்கில் அதில் உட்காராது. எடையைக் கேட்டால் இந்தக் கம்பியே போதும். ஆனால் எனக்கு வேண்டியது அசையாத ஒன்று, ஒரு தடவை மாட்டினால் அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டியிராத ஒன்று. தகடு வைத்ததைக் கையில் எடுக்கிறேன், உள்ளங்கையில் அழுந்துகிறது, அழிந்துபோன அளவின் மேலேயே. பாய் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டார், இரும்புத் தூள் மீசையில் ஒட்டியிருக்கிறது. "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா? எத்தனை ஏணி?" நான் கேள்விக்குக் காத்துக்கொண்டே இருந்தவன் போல, "ரெண்டு" என்கிறேன். சொன்னபிறகு காதில் விழுகிறது. அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "ரெண்டும் அலுமினியமா?" "இல்ல, ஒண்ணு மூங்கில்." "அப்ப கால் கனம் சொல்லுங்க. வாய் அகலமா வேணும்ல." கால் கனம் என்னிடம் இல்லை. அதற்கு ஒருத்தியைக் கேட்க வேண்டும். போனை எடுக்கிறேன், மணி அடிக்கிறது, தையல் மெஷின் சத்தத்தில் கேட்காதோ, எடுக்காவிட்டால் நல்லதோ, எடுத்துவிட்டாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு அளவு வேணும். ஏணியோட கால் எவ்வளவு கனம்னு பாரேன்."

"உங்க ஏணிதானே, காலைல அளந்தீங்களே."

"அது இல்ல. மூங்கில்."

மெஷின் ஓடுகிற சத்தம் ஏதும் இல்லை. தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போவது போனில் கேட்கிறது. பாய் என் முகத்தைப் பார்க்காமல் கொக்கிகளை அடுக்குகிறார்.

"அதையுமா மாட்டப் போறீங்க?" என்கிறாள்.

"கீழ கிடந்தா மறுபடி கரையான் வரும். நீ எத்தனை தடவை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பே."

கதவு திறக்கிற சத்தம், செருப்புச் சத்தம், ஷெட்டுக்குள் போய்விட்டாள் என்பது எதிரொலியில் தெரிகிறது. தையல் டேப்போடுதான் போயிருப்பாள், அது எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். டேப் மூங்கிலைச் சுற்றுவதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்.

"சுத்தளவு எட்டு இன்ச்சு இருக்குங்க. கணுக்கிட்ட ஒம்பது."

"பாய், மூணு இன்ச்சு கனம்னு வெச்சுக்குங்க" என்கிறேன். பாய் தகடு வைத்ததில் பெரியதை எடுக்க உள்ளே போகிறார். போனை வைக்கலாம், வைக்க மனம் வரவில்லை, அவளும் வைக்கவில்லை, மூச்சு கேட்கிறது.

"ஏங்க."

"சொல்லு."

"மாட்டும்போது பேர் எழுதினது சுவர்ப் பக்கம் போற மாதிரி மாட்டிடலாம். வர்றவங்க போறவங்க பார்த்து ஏதாச்சும் கேப்பாங்க."

இதைத்தான் நான் காலையிலிருந்து, இல்லை, ஆவணியிலிருந்து பயந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. எனக்காக அவள் அந்தப் பெயரைச் சுவரைப் பார்த்துத் திருப்பப் பார்க்கிறாள், அவளே எழுதிய பெயரை. பீரோவில் சேலைகளுக்கு நடுவே குப்புற வைத்த படம் ஞாபகம் வருகிறது.

"வெளிய பார்த்தே இருக்கட்டும் தமயந்தி" என்கிறேன். "கேட்டா சொல்லிக்கலாம். என் வீட்டுக்காரி எழுதினதுன்னு சொல்றேன்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"கடுகு டப்பா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அது அழுகையா ஜலதோஷமா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை, இத்தனை வருஷம் பிரிக்கிற வேலைதான் பார்த்தேன். பாய் ஏணிக்கு ரெண்டாக நாலு கொக்கியைக் கொண்டுவந்து மேஜையில் ணங் ணங்கென்று வைக்கிறார். வேற என்ன சார் என்று தலையை ஆட்டிக் கேட்கிறார். வேறொன்றும் இல்லை என்று நானும் தலையை ஆட்டுகிறேன்.

"கடையிலதானே இருக்கீங்க?" என்கிறாள் தமயந்தி, குரல் தேறிவிட்டது, உப்பு வாங்கச் சொல்கிற குரல். "பெயிண்ட் ஒரு சின்ன டப்பா வாங்கிக்குங்க. மெல்லிசா ஒரு பிரஷ்ஷும்."

"எதுக்கு? பேர் நல்லாத்தானே இருக்கு, அழியலையே."

"அது இருக்கு. உங்க ஏணியில பேரே இல்லையே. ரெண்டும் ஒரே சுவத்துல மாட்டினா ஒண்ணு மட்டும் மொட்டையா இருக்கும். எழுதித் தர்றேன்." பிறகு, "அலுமினியத்துல ஒட்டுற பெயிண்டான்னு கேட்டு வாங்குங்க, இல்லாட்டி உரிஞ்சுடும்."

சரி என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, தெரியவில்லை. போன் அணைந்திருக்கிறது, இன்னும் காதிலேயே வைத்திருக்கிறேன். பாய் கொக்கிகளைப் பழைய பேப்பரில் சுற்றிவிட்டு என்னைப் பார்க்கிறார். அலுமினியத்தில் ஒட்டுகிற பெயிண்ட் இருக்கிறதா, உரிந்து வராததாக, என்று கேட்கிறேன். இருக்கு சார், என்ன கலர் என்கிறார். சிவப்பு என்கிறேன்.